2 இறாத்தல் 12 அவுன்ஸ்: 14 வயதுப் பொடியனுக்குப் பாரமா?

பெப்ரவரி 8

அக்கரைப்பற்றில் இருந்து ஒரு தகப்பன் கேட்டது, அப்படியே போடுகிறேன்:

"தம்பி, மகனுக்கு 14 வயது. பாடசாலையில் அண்டர் 15 கிரிக்கெட் அணிக்கு எடுத்திருக்கிறார்கள். இவ்வளவு நாளும் டென்னிஸ் பந்துதான், கடினப்பந்து இப்போதுதான். கல்முனையில் ஒரு கடையில் இங்கிலிஷ் வில்லோ மரத்து மட்டை ஒன்று பார்த்தோம். 2 இறாத்தல் 12 அவுன்ஸ். 'பாரம் இருந்தால்தான் பந்து போகும், வளருகிற பிள்ளைதானே' என்கிறார் கடைக்காரர். முற்பணமும் கொடுத்துவிட்டேன். எடுக்கலாமா? மகன் மெலிந்த உடம்பு. கட் (மட்டையைக் கிடையாக வீசுகிற அடி) நன்றாக அடிப்பான். காலை முன்னுக்கு வைக்கத்தான் பயம்."

பெப்ரவரி 8, இரவு

எடுக்க வேண்டாம் காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படியும் சொல்வோம்). முற்பணத்தைத் திருப்பித் தரமாட்டேன் என்றால் அந்தக் காசுக்கு ஹெல்மட் எடுங்கள்.

இறாத்தல் என்ற சொல் நம் பக்கம் இரண்டு இடத்தில்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது: பாண் கடையிலும் மட்டைக் கடையிலும். ஒரு இறாத்தல் 454 கிராம், அதில் 16 அவுன்ஸ். 2-12 என்றால் 1247 கிராம். இரண்டே முக்கால் இறாத்தல் பாணைத் தடியின் நுனியில் கட்டிக்கொண்டு, நெஞ்சுக்கு வருகிற பந்தைக் கட் அடிக்கச் சொல்லுங்கள் பார்ப்போம்.

வளருவான் என்று ஒரு அளவு பெரிய சட்டை வாங்குகிறோமே, மட்டையில் அந்தக் கணக்குச் சரிவராது. சட்டை தொளதொளவென்று இருந்தால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. மட்டை பாரமாக இருந்தால் பிள்ளை தன் ஆட்டத்தையே மாற்றிக்கொள்வான். அதை மறக்கடிக்க இரண்டு வருடம் பிடிக்கும்.

பெப்ரவரி 9

"நீ யார் சொல்ல" என்று ஒருவர். நியாயமான கேள்விதான். நான் மட்டக்களப்பு, கல்லடி ஊர்க்காரன். பயிற்றுவிப்பாளர் இல்லை. இருபது வருடமாகக் கழக அணியில் நாலாம், ஐந்தாம் இலக்கத்தில் ஆடுகிறவன், இப்போது ஏழாம் இலக்கத்துக்கு இறக்கப்பட்டவன். பாரமான மட்டை என்ன செய்யும் என்பது என் முழங்கைக்குத் தெரியும், அவ்வளவுதான்.

எங்களுடைய முதல் மட்டை உண்மையிலேயே மட்டைதான். தென்னை மட்டையை வெட்டிக் கைபிடி செதுக்கினால் ஆட்டம் தொடங்கிவிடும். காய்ந்தது லேசு, பச்சை பாரம். பச்சை மட்டைக்காரன்தான் பெரிய அடிகாரன் என்று எங்களுக்குள் ஒரு நினைப்பு. அந்த நினைப்பு எனக்கு முப்பது வயதுவரை போகவில்லை.

வில்லோ மட்டை முதன்முதல் கைக்கு வந்தது சுனாமிக்குப் பிறகு, நிவாரணப் பொதி ஒன்றில். பெரிய ஆட்களின் அளவு. யாரும் எடை கேட்கவில்லை. அந்த நேரத்தில் கேட்கிற நிலைமையும் இல்லை. அதைத் தூக்கி ஆடிப் பழகியதில் என் பின்தூக்கு (அடிக்குமுன் மட்டையைப் பின்னுக்குத் தூக்குவது) நேரே போகாமல், கீப்பருக்குப் பக்கத்தில் நிற்கிற மூன்றாம் ஸ்லிப் பக்கம் சுற்றிப் போய்த்தான் வரும். இன்றைக்கும் அப்படித்தான்.

பிறகு சொந்தக் காசில் வாங்கியது 2-14. ஏன் 2-14? கடையில் இருந்ததிலேயே பாரமானது அதுதான். முதல் ஆட்டத்தில் வெபர் மைதானத்தில் லோங் ஒன் திசைக்கு, பந்து வீசுகிறவரின் பின்பக்கம், ஒரு ஆறு. அந்த ஒரு ஆறை வைத்துக்கொண்டு நாலு வருடம் அந்த மட்டையை நியாயப்படுத்தினேன். அந்த நாலு வருடமும் தூரத்தில் குத்தி எழும்புகிற ஷோர்ட் பந்துக்குப் பிந்திப் பிந்தி, கண்ணுக்குத் தெரிந்த பந்தெல்லாம் மேல் விளிம்பில் பட்டுக் கீப்பருக்கே போனது.

பெப்ரவரி 9, பிறகு

சரி, அந்த ஆறு லோங் ஒன்னுக்கு இல்லை, பக்கவாட்டில், மிட் விக்கெட்டுக்கு. அன்று மறுமுனையில் நின்றவர் இதைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் எடுத்துச் சிரிக்கிறார். டிரைவ் அடிக்கப் போய்த் திரும்பிய பந்தாம்.

பெப்ரவரி 12

இறாத்தல் கணக்குச் சொல்லி உங்களைக் குழப்பிவிட்டேன் போல. பாணை "நுனியில்" கட்டுவது என்று எழுதியது பகிடிக்கு. ஆனால் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

தராசு சொல்கிற எடை ஒன்று, கை உணர்கிற எடை வேறொன்று. பிக்கப் என்று எல்லோரும் சொல்வது இரண்டாவதை. மட்டையைச் சுழற்றும்போது ஒவ்வொரு கிராமும் கையில் இருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. அதுவும் தூரம் இரட்டித்தால் பாரம் நாலு மடங்காக உணரப்படும். கையில் இருந்து 10 சென்டிமீட்டரில் உள்ள 30 கிராமும் 70 சென்டிமீட்டரில் உள்ள 30 கிராமும் தராசில் ஒன்றுதான். சுழற்றும்போது இரண்டாவது 49 மடங்கு. ஆகவே அடிமுனையில் மரம் தடித்த 2-8 மட்டை, மரம் மேலே நிற்கிற 2-10 மட்டையைவிடப் பாரமாகத் தெரியலாம். ஸ்டிக்கரில் எழுதிய எண்ணை மட்டும் வைத்து மட்டை வாங்குவது போட்டோ பார்த்துப் பெண் எடுத்த கதைதான்.

கடையிலேயே பார்க்க ஒரு வழி. மகன் வலது கைக்காரன் என்றால் மேல் கை இடது கை. இடது கையால் மட்டும் கைபிடியின் மேல் நுனியைப் பிடித்து, கையை முன்னுக்கு நீட்டி, மட்டையைக் கிடையாக நிறுத்தட்டும். பத்து வரை எண்ணுங்கள். நுனி ஆடினாலோ கீழே இறங்கினாலோ வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். மறுகா அதே ஒற்றைக் கையால் மெதுவாக நேர் டிரைவ் மாதிரி பத்துத் தடவை. ஏழாம் தடவை தோள் சாய்கிறதா பாருங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

பெப்ரவரி 13

"சச்சின் மூன்று இறாத்தலுக்கு மேல் ஆடினாரே" என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். நாலாவது ஆள் எழுதுமுன் பதில்.

ஆடினார்தான். உயரமோ ஐந்தடி ஐந்தங்குலம். சின்ன வயதில் அண்ணனின் மட்டையைத் தூக்கிப் பழகியவர் என்று சொல்வார்கள். 2004இல் அவருக்கு டென்னிஸ் எல்போ என்ற முழங்கை வலி வந்தது. எந்தக் கை? இடது, மேல் கை. மட்டைதான் காரணம் என்று அந்த நேரம் பேசாத ஆளில்லை. டாக்டர் இல்லாத நான் அதற்குத் தீர்ப்பு எழுதமாட்டேன்.

மறுபக்கம் அந்தக் கால அவுஸ்திரேலியத் துடுப்பாட்டக்காரர் பிராட்மன். அவருடைய மட்டை சுமார் 2 இறாத்தல் 2 அவுன்ஸ், ஒரு கிலோகூட இல்லை. சராசரி 99.94. அவரும் நெடுவல் இல்லை. இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்தால் எடையை வைத்து யாருக்கும் எதையும் நிரூபிக்க முடியாது என்பதுதான் தெரிகிறது. பிராட்மன் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் கொல்ஃப் பந்தை எறிந்து ஒற்றை ஸ்டம்பால் அடித்துப் பழகியவர். அந்தக் கைக்கு 2-2. உங்கள் மகன் எதைத் தூக்கிப் பழகியிருக்கிறான்? டென்னிஸ் பந்து மட்டை. ஆகவே அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்புறம், 2003 உலகக் கிண்ண இறுதிப்போட்டியில் பொன்டிங்கின் மட்டைக்குள் ஸ்பிரிங் இருந்தது என்று இன்னும் நம்புகிற ஒருவர் இங்கே இருக்கிறார். வயது நாற்பத்திரண்டு. பெயர் சொல்லமாட்டேன். அண்ணே, இல்லை அண்ணே. 121 பந்தில் 140 அடிக்க ஸ்பிரிங் தேவையில்லை, பொன்டிங்காக இருந்தால் போதும்.

பெப்ரவரி 14

சட்டத்தில் எடைக்கு எல்லை உண்டா என்று கேட்டவருக்கு: இல்லை. நீளம் 38 அங்குலத்துக்கு மேல் கூடாது, அகலம் நாலே கால். 2017 ஒக்டோபரில் இருந்து விளிம்பு 40 மில்லிமீட்டர், தடிப்பு 67 மில்லிமீட்டர். எடை பற்றி ஒரு சொல்லும் இல்லை. விரும்பினால் உலக்கை எடையிலும் ஆடலாம்.

பெப்ரவரி 17

இன்று ஒரு வேலை பார்த்தேன். என் மட்டைகள் மூன்றையும் மீன் விற்கிற கூட்டாளியிடம் கொண்டுபோய் அவருடைய டிஜிட்டல் தராசில் நிறுத்தேன். சுற்றி ஒரு சின்னக் கூட்டம். "கிலோ என்ன விலை" என்று ஒரு அம்மா கேட்டுவிட்டார்.

2-14 என்று வாங்கியது 1370 காட்டியது. ஸ்டிக்கர்படி 1304 இருக்க வேண்டும். 66 கிராம் கூட! காரணம் எனக்கு உடனே விளங்கிவிட்டது: மாரி. வாவிக்கரை வீட்டில் மார்கழி, தையில் தோய்த்த சட்டையே மூன்று நாள் காயாது. கட்டிலுக்கு அடியில் கிடந்த மரம் ஈரம் குடிக்காதா? ஆகவே மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் ஆடுகிறவர்கள் வாங்கும்போதே இரண்டு அவுன்ஸ் குறைத்து வாங்குங்கள். மாரி மிச்சத்தைப் போட்டுவிடும்.

பெப்ரவரி 20

மேலே எழுதியதில் பாதியை அழிக்க வேண்டும். அழிக்காமல் இங்கேயே சொல்கிறேன், படித்தவர்கள் சிரிக்கட்டும்.

அந்த மட்டையில் இரண்டு கிரிப் (கைபிடிக்கு மேல் போடுகிற ரப்பர் உறை) போட்டிருக்கிறேன். போன வருடம் நானே போட்டது, மறந்துவிட்டேன். முகத்தில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள், அடிமுனையில் ரப்பர், பிளந்த விளிம்புக்குச் சுற்றிய நார் டேப். மேல் கிரிப்பையும் டேப்பையும் கழற்றிவிட்டு நிறுத்தால் 1315. மாரி போட்டது ஏதாவது இருந்தால் அது 11 கிராமுக்குள். அந்தத் தராசு ஐந்து ஐந்து கிராமாகத்தான் ஏறும் என்பதால் அதையும் நம்பி எழுத முடியாது. ஈரம் மரத்துக்குள் போகும் என்பது உண்மை. 66 கிராம் போகும் என்றது என் கற்பனை.

ஆனால் இதில் இருந்து ஒன்று தெரிந்தது. இரண்டாவது கிரிப் போட்ட நேரம் மட்டை கைக்கு லேசாகத் தெரிந்தது. எடை கூடியது, உணர்வு குறைந்தது. கூடிய பாரம் கைக்குள்ளேயே இருப்பதால் சமநிலை மேலே ஏறுகிறது. கைபிடி தடிப்பதால் கீழ்க் கையும் இறுக்கிப் பிடிக்காது. 2007 உலகக் கிண்ண இறுதிப்போட்டியில் கில்கிறிஸ்ட் கையுறைக்குள் பாதி ஸ்குவாஷ் பந்தை வைத்துக்கொண்டு 104 பந்தில் 149 அடித்தாரே, அந்த வேலையும் பிடியைப் பற்றியதுதான். நாம் தோற்ற அந்த ஆட்டத்தைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு மனமில்லை.

ஏற்கெனவே பாரமான மட்டை வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் முதலில் இரண்டாவது கிரிப்பைப் போட்டுப் பாருங்கள். தச்சரிடம் போகாதீர்கள். அதை வேறொரு நாள் எழுதுகிறேன், வலிக்கிற கதை.

மார்ச் 2

மென்பந்துக்கு, அதாவது டென்னிஸ் பந்து ஆட்டத்துக்கு, எந்த எடை என்று களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு தம்பி. புத்தாண்டுச் சுற்றுப்போட்டி வருகிறதாம்.

லேசு. யோசிக்கவே வேண்டாம். கடினப்பந்து 156 முதல் 163 கிராம். டென்னிஸ் பந்து 60 கிராம்கூட இல்லை. 1200 கிராம் மட்டை கடினப்பந்தைவிட ஏழரை மடங்கு, டென்னிஸ் பந்தைவிட இருபது மடங்கு. ஏற்கெனவே இருபது மடங்காக இருப்பதை இருபத்திரண்டாக ஆக்கிப் பந்துக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. சுழற்றுகிற வேகத்தைக் கூட்டினால் கிடைக்கும். ஆதாரம் வேண்டுமா? தடியால் பந்தை அடித்து ஓடுகிற நம் நாட்டு எல்லே ஆட்டத்தைப் பாருங்கள். ஒரு தடி. அவ்வளவுதான். டென்னிஸ் பந்து மைதானத்தைத் தாண்டித் தென்னந்தோப்புக்குள் போகிறது.

மார்ச் 3

எல்லே உதாரணத்தை ஒருவர் பிடித்துக்கொண்டார், சரியாகத்தான் பிடித்தார். எல்லேயில் பந்தை அடிக்கத் தோதாகப் போடுகிறார்கள். மூன்று தடவை வாய்ப்பு. ஸ்டம்பைக் காப்பாற்றுகிற வேலை இல்லை. நான்கு அங்குல அகல மட்டைக்கும் உருண்டைத் தடிக்கும் ஒப்பீடு பொருந்தாது. ஒத்துக்கொள்கிறேன். இருபது மடங்குக் கணக்கு மட்டும் அப்படியே நிற்கிறது.

இன்னொன்று: பின்பக்கம் குடைந்த மென்பந்து மட்டையைக் கடினப்பந்துக்குக் கொண்டுபோகாதீர்கள். இரண்டு ஓவரில் விறகு.

மார்ச் 15

கேள்வியில் ஆட்ட முறை பற்றி இருந்தது, அதற்கு நான் பதிலே சொல்லவில்லை என்று காக்கா மெதுவாக ஞாபகப்படுத்தினார்.

கட், புல், ஸ்வீப் அடிக்கிறவனுக்கு மட்டை கிடையாகச் சுழல வேண்டும். பந்து வருகிற திசையில் இருந்து விலகிப் போகிற அடி. அதில் பாரம் உதவாது, நேரம்தான் உதவும். லேசான மட்டை, மரம் கொஞ்சம் மேலே நிற்கிற மட்டை. சிமெந்தின் மேல் மெற்றிங் விரித்த ஆடுகளத்தில் பந்து தொடைக்கு மேலே எழும்பும், அங்கே இது இன்னும் பொருந்தும். மகனுடைய பாடசாலையில் மெற்றிங்தான் என்று நினைக்கிறேன்.

காலை முன்னுக்கு வைத்து நேராக அடிக்கிறவன் ஊசல் மாதிரி ஆடுகிறான். கீழே இறங்கும்போது பாரமே பாதி வேலையைச் செய்துவிடும். அவனுக்கு 2-10, 2-11 தூக்கலாம், மரம் கீழே தடித்தாலும் பரவாயில்லை. பந்து எழும்பாத மணல் தரையில் கடைசி ஓவருக்கு இறங்குகிறவனுக்கும் அதுதான்.

ஆனால் ஆட்ட முறை மட்டும் பார்த்தால் போதாது. நான் எத்தனையாவது ஓவரில் களைக்கிறேன்? கல்லடியில் பங்குனி வெயிலில் 2-14 மட்டை முதல் ஐந்து ஓவருக்கு என் மட்டை. பதினைந்தாவது ஓவரில் அது வேறு யாருடையதோ. கடைக்குப் போகும்போது எல்லோரும் உற்சாகமாகப் போகிறோம், அதனால் உற்சாகமான கைக்கு ஏற்ற மட்டையை வாங்கிவிடுகிறோம். மகனைப் பயிற்சி முடிந்து வியர்வையோடு கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். குளித்துவிட்டு வெள்ளிக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு வேண்டாம்.

14 வயது, மெலிந்த உடம்பு, கட் அடிக்கிறவன்: 2-4 முதல் 2-7 வரை பாருங்கள். உயரத்தைப் பார்த்து இலக்கம் 6 அல்லது ஹரோ. ஹரோ என்பது 6க்கும் பெரியவர் அளவுக்கும் நடுவில் இருப்பது.

மார்ச் 16

காலை முன்னுக்கு வைக்கப் பயம் என்றீர்களே. அது மட்டையால் வந்த பயமில்லை காக்கா, பந்தால் வந்த பயம். அதற்கு எடை இல்லை. ஹெல்மட் என்று முதல் நாளே சொன்னது பகிடிக்கு இல்லை.

மார்ச் 22

தச்சர் கதை. கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

2-14ஐக் குறைக்க ஒரு தச்சரிடம் போனேன். நிலை, கதவு எல்லாம் அருமையாகச் செய்கிறவர். "எங்கே சீவ?" என்று கேட்டார். அடிமுனையில் சீவச் சொல்லியிருக்க வேண்டும், அங்கே எடுக்கிற ஒவ்வொரு கிராமும் கைக்குப் பல மடங்காகத் தெரிந்திருக்கும். நானோ தோற்றம் கெட்டுவிடும் என்று பயந்து, பின்பக்க முதுகெலும்பை, அதுவும் நடுவில், சீவச் சொன்னேன். இழைப்புளி போட்டு அழகாகச் சீவிக் கொடுத்தார். மட்டை லேசு. கையில் அதே பாரம். பந்து நன்றாகப் படுகிற மிடில் இருந்த இடத்தில் மிடில் இல்லை. மூன்றாவது ஆட்டத்தில் காலடியில் குத்துகிற யோர்க்கர் பந்து ஒன்றுக்கு இறக்கினேன், அடியில் இருந்து ஆறு அங்குலத்துக்குப் பிளந்தது. பெப்ரவரி 20ஆம் திகதி எழுதிய நார் டேப் அதற்குச் சுற்றியதுதான்.

அவர் மேல் குற்றமில்லை. இன்றைக்கும் கண்டால் "தம்பி, இன்னும் கொஞ்சம் சீவவா" என்பார்.

மார்ச் 22, பிறகு

ஒருவர் சரியான கேள்வி கேட்டார்: முதுகைச் சீவியிருந்தால் 1315 எப்படி வந்தது, குறைந்திருக்க வேண்டுமே? உட்கார்ந்து யோசித்தேன். பிளந்த பிறகு உள்ளே ஊற்றிய பசை, அடிமுனை ரப்பர், முகத்துத் தாள், ஆணி இரண்டு. ஓம், ஆணிதான். கேட்காதீர்கள். ஆகவே மாரியின் 11 கிராமும் போய்விட்டது. அந்த மட்டையை வைத்து எடை பற்றி நான் இனி எதையும் நிரூபிக்கமாட்டேன். அம்மா அதை ஆட்டுக்குட்டிப் பட்டியின் படலைக்கு முட்டுக் கொடுக்க எடுத்துவிட்டார். அந்த வேலைக்கு எடை சரியாக இருக்கிறதாம்.

ஏப்ரல் 19

காக்காவின் செய்தி வந்திருக்கிறது. கடைக்காரர் முற்பணத்தைத் திருப்பித் தரவில்லை, ஆனால் மாற்றிக் கொடுத்தார். ஒற்றைக் கைச் சோதனைக்கு ஐந்து மட்டை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். மகன் எடுத்தது ஹரோ, ஸ்டிக்கரில் 2-6. அதே கடையில் 2-5 என்று எழுதிய இன்னொன்று கைக்குப் பாரமாக இருந்ததாம். இது போதும் எனக்கு.

முதல் ஆட்டத்தில் 11 ஓட்டம், ஒரு கட் நாலுக்கு. பிறகு போல்ட். மட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, முன்னுக்கு வர வேண்டிய பந்துக்குப் பின்னுக்குப் போயிருக்கிறான்.

புது மட்டையைப் பக்குவப்படுத்தாமல் நேராக ஆட்டத்துக்கு எடுத்திருக்கிறார்கள் என்பதைக் கேட்டதும்தான் எனக்கு வயிறு கலங்கியது. காக்கா, முதலில் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் லேசாக முகத்துக்கும் விளிம்புக்கும், கைபிடியிலும் அது சேர்கிற இடத்திலும் படாமல். பிறகு மரச் சுத்தியலால் மெதுவாக, நாளுக்கு அரை மணி, பல நாள். விளிம்பைச் சாய்வாகத் தட்ட வேண்டும். அதற்குப் பிறகு பழைய பந்து. அதற்குப் பிறகுதான் புதுப் பந்து. எண்ணெய் கூடினால் மரம் பாரமாகும், நாம் இவ்வளவு எழுதியதும் வீண்.

மே 6

கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது. (தின்கிற கச்சான் இல்லை, இந்த மாதங்களில் வீசுகிற வறண்ட காற்று. கொழும்பில் இருந்து வாசிக்கிற தம்பிமாருக்குச் சொல்கிறேன்.) மாரியில் ஈரம் என்று கூத்தடித்தேன், உண்மையான ஆபத்து இந்த மாதங்களில்தான். காய்ந்து வெடிக்கும். மோட்டார் சைக்கிளில் கட்டி வெயிலில் நிறுத்தாதீர்கள். துணிப் பைக்குள் வைத்து, வீட்டுக்குள், சுவரில் சாய்க்காமல் படுக்க வையுங்கள்.

மே 7

காக்கா கேட்கிறார், மகனின் மட்டை உண்மையிலேயே 2-6 தானா என்று நிறுத்துப் பார்க்கலாமா என்று. பார்க்கலாம். கிரிப்பை எண்ணிவிட்டு நிறுங்கள். மீன் தராசு மட்டும் வேண்டாம். என் மட்டைகள் இன்னும் மணக்கின்றன, ஸ்லிப்பில் நிற்கிறவன் போன சனிக்கிழமை முறைப்பாடு செய்தான்.